அணையாமல் மங்குவது எப்படி?

மாலையில் லோ வோல்டேஜ் வரும் தெருக்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வீடு, ஒரே மின்சாரம். சமையலறையில் குண்டு பல்பு செம்மஞ்சளாகச் சோர்ந்துபோய் எரியும், ஆனாலும் எரியும். கூடத்து டியூப் லைட்டோ இரண்டு முனைகளும் சிவக்க, விட்டுவிட்டுத் துடிக்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பிடிக்காது. பல்பு கிடைத்த மின்சாரத்துக்கு ஏற்ற வெளிச்சத்தைத் தருகிறது. டியூப் லைட்டுக்கு முழு வெளிச்சம், இல்லையேல் இருட்டு என்ற இரண்டு நிலைதான்.

இதோடு சேர்ந்த கேள்வி இன்னொன்றும் உண்டு. ஃபேனுக்கு ரெகுலேட்டர் இருக்கிறது. குண்டு பல்புக்கு டிம்மர் இருக்கிறது. பல பத்தாண்டுகள் நம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வெளிச்சம் தந்த டியூப் லைட்டுக்கு மட்டும் ஏன் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் வரவில்லை? அந்தக் குமிழைச் செய்ய முடியும்; பொறியாளர்கள் செய்தும் காட்டினார்கள். ஆனால் அதற்கு டியூபுக்குள் நடப்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சூடும் ஒளியும்

குண்டு பல்பில் ஒளியைத் தருவது சூடு. டங்ஸ்டன் இழையில் மின்சாரம் பாய்கிறது, இழை வெண்சூடாகிறது, ஒளிர்கிறது. வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், வெளிச்சமும் குறையும். உண்மையில் வோல்டேஜைவிட வேகமாகவே குறையும். 230 வோல்ட் 170 ஆக இறங்கினால் வோல்டேஜில் போனது கால் பங்குதான். வெளிச்சத்திலோ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நிறமும் சிவப்பை நோக்கி நகரும். ஆனால் இந்தப் பாதையில் எந்த இடத்திலும் பல்பு சட்டென்று அணைவதில்லை.

டியூப் லைட்டில் ஒளியைத் தருவது இழையின் சூடு அல்ல. கண்ணாடிக் குழாய்க்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் போன்ற வாயுவும், சில மில்லிகிராம் பாதரசமும் இருக்கின்றன. இரு முனைகளுக்கும் இடையே வாயு வழியாக மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்கள் பாதரச அணுக்களில் மோதுகின்றன. மோதுண்ட அணு, வாங்கிய ஆற்றலைப் புற ஊதாக் கதிராக வெளியே விடுகிறது. அந்தக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. குழாயின் உள்சுவரில் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை உறிஞ்சிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றிக் கொடுக்கிறது. இந்தப் பொடியை ஒளிர்பொடி என்று அழைப்போம். வாயு வழியே பாயும் மின்னோட்டத்துக்கு மின்வில் என்று பெயர். டியூப் லைட்டை மங்க வைப்பது என்றால் இந்த மின்வில்லை அணையவிடாமல் மெலிய வைப்பது. சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பாயப் பாயப் பெருகும் ஓட்டம்

செம்புக் கம்பியில் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. வாயுவில் அப்படி இல்லை. சாதாரண நிலையில் வாயு மின்சாரத்தைக் கடத்தாது. எப்படியோ ஒரு எலெக்ட்ரான் வேகம் பிடித்து ஓர் அணுவில் மோதி அங்கிருந்து இன்னொரு எலெக்ட்ரானைப் பிய்த்தெடுத்தால், இப்போது இரண்டு. இரண்டும் போய் மோதினால் நான்கு. ஊரில் வதந்தி பரவுவதுபோல, கேட்டவரெல்லாம் சொல்பவராகிவிடுகிறார்கள். எலெக்ட்ரானை இழந்த அணுவை அயனி என்கிறோம். அயனிகளும் எலெக்ட்ரான்களும் பெருகப் பெருக வாயு மேலும் மேலும் எளிதாகக் கடத்தும்.

இதனால் ஒரு விநோதம் நடக்கிறது. கம்பியில் அதிக மின்னோட்டம் பாய அதிக வோல்டேஜ் வேண்டும். மின்வில்லில் மின்னோட்டம் கூடினால் அதைத் தாங்கிப் பிடிக்கத் தேவைப்படும் வோல்டேஜ் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் தேவை கூடுகிறது. இதைத் தலைகீழ் மின்தடை எனலாம்.

இந்தக் குணம் இரண்டு பக்கமும் ஆபத்து. டியூபை நேராக மெயின் லைனில் கொடுத்து மின்வில்லை மூட்டினால், ஓட்டம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டே போய் டியூப் வெடிக்கும் அல்லது ஃபியூஸ் போகும். மாறாக ஓட்டத்தைக் குறைக்கப் போனால் மின்வில் அதிக வோல்டேஜ் கேட்கும், கொடுக்காவிட்டால் அணைந்துவிடும். மேலே விட்டால் ஓடிவிடும், கீழே இழுத்தால் செத்துவிடும்.

மேலே ஓடுவதைத் தடுக்கத்தான் சோக் இருக்கிறது. இரும்புத் தகடுகள் மீது சுற்றிய நீளமான செம்புக் கம்பிச் சுருள் அது. மின்னோட்டம் மாறும்போதெல்லாம் சுருள் அந்த மாற்றத்தை எதிர்க்கும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி அலைவதால், எதிர்ப்பு ஓயாமல் வேலை செய்து ஓட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு போடுகிறது.

நாலடி டியூபின் கணக்கு

நம் வீடுகளில் அதிகம் இருந்த 36 வாட் நாலடி டியூபையே எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 26 மில்லிமீட்டர். முழு வெளிச்சத்தில் அது எரியும்போது டியூபின் இரு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 100 வோல்ட் நிற்கும், 0.43 ஆம்பியர் பாயும். லைனில் வருவதோ 230 வோல்ட். மிச்சத்தைத் தாங்குவது சோக்தான். சோக்கும் டியூபும் தங்கள் உச்சத்தை ஒரே கணத்தில் தொடுவதில்லை என்பதால் நேர்க்கழித்தல் இங்கே பொருந்தாது. சோக்கின் பங்கு 200 வோல்ட்டை ஒட்டி வரும்.

சுவிட்சைப் போட்டவுடன் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் என்ற சிறு உருளைக்குள் வாயு நிரப்பிய ஒரு குட்டிக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதற்குள் சூடுபட்டால் வளையும் உலோகப் பட்டை. முதலில் குமிழுக்குள் வாயு ஒளிர்கிறது. பட்டை சூடாகி வளைந்து எதிர்முனையைத் தொடுகிறது. இப்போது மின்சாரம் டியூபின் இரு முனைகளிலும் உள்ள டங்ஸ்டன் சுருள்கள் வழியாக ஓடி அவற்றைச் சிவக்கச் சூடாக்குகிறது. தொட்டுவிட்டதால் குமிழுக்குள் ஒளிர்வு நின்றுபோக, பட்டை ஆறி விலகுகிறது. அந்தக் கணத்தில் ஓட்டம் திடீரென்று அறுபடுவதைச் சோக் எதிர்த்து, பல நூறு வோல்ட் துடிப்பு ஒன்றை வீசுகிறது. அந்தத் துடிப்பில் மின்வில் மூண்டுகொள்கிறது. முதல் முயற்சியில் மூளாவிட்டால் இதே சுற்று மறுபடியும். நாம் பார்க்கும் துடிப்பு இதுதான்.

இந்த டியூபின் வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வழி: வோல்டேஜைக் குறைப்பது

லோ வோல்டேஜ் நமக்கு இலவசமாகச் செய்து காட்டும் சோதனை இது. லைன் வோல்டேஜ் இறங்கினால் டியூபின் ஓட்டம் முதலில் கொஞ்சம் குறையும். வெளிச்சமும் சற்று மங்கும். ஆனால் மெலிந்த மின்வில் அதிக வோல்டேஜ் கேட்கிறது. லைனில் இருப்பதோ குறைந்த வோல்டேஜ். தேவையும் இருப்பும் எதிரெதிராக நகர்கின்றன.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. 50 சுற்று மின்சாரத்தில் ஓட்டம் வினாடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடும். ஒவ்வொரு முறையும் மின்வில் அணைந்து, எதிர்த்திசையில் மறுபடி மூள வேண்டும். குறைந்த வோல்டேஜில் அந்த மறு மூட்டல் நடக்காமல் போகும். 180 வோல்ட் சுமாருக்குக் கீழே ஸ்டார்ட்டரே தடுமாறும். சமையலறை பல்பு எரிய, கூடத்து டியூப் துடித்துக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான்.

இரண்டாம் வழி: அலையை நறுக்குவது

இன்றைய டிம்மர்கள் பலவும் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்கள் சிலவும் வோல்டேஜைத் தேய்த்துக் குறைப்பதில்லை. ஒவ்வோர் அரை அலையிலும் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மின்சாரத்தை நிறுத்திவைத்து, பிறகு திறந்துவிடுகின்றன. நிறுத்தும் நேரத்தைக் கூட்டினால் பல்பு மங்கும். இழை சூடாகவே இருப்பதால் நடுவில் வந்துபோகும் இடைவெளிகளை அது உணர்வதில்லை. அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா 1959இல் இந்த வகை டிம்மரை வீட்டுச் சுவருக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கினார்.

டியூபில் இதைப் போட்டால் அந்த இடைவெளியே எமனாகிறது. ஓட்டம் நின்ற நேரத்தில் அயனிகளும் எலெக்ட்ரான்களும் மறுபடி சேர்ந்து வெறும் அணுக்களாகிவிடுகின்றன. இடைவெளி நீள நீள, மூட்டுவது கடினமாகும். ஓரளவுக்கு மேல் விளக்கு படபடக்கும், பிறகு அணைந்துவிடும்.

சி.எஃப்.எல். விளக்கைச் சாதாரண டிம்மரில் போட்டவர்களுக்கும் இந்த அனுபவம் கிடைத்திருக்கும். அதன் அடிப்பகுதியில் இருக்கும் சிறு சுற்று, வரும் மின்சாரத்தை ஒரு மின்தேக்கியில் நிரப்பிக்கொண்டுதான் டியூபுக்குக் கொடுக்கிறது. நறுக்கிய அலை வந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தத் தேக்கிக்குள் மின்சாரம் அடித்துக்கொண்டு நுழையும். விளக்கு சிமிட்டும், உறுப்புகள் சூடேறும், ஆயுள் குறையும். பெரும்பாலான சி.எஃப்.எல். பெட்டிகளில் டிம்மரில் போடக் கூடாது என்று அச்சிட்டிருந்தது இதனால்தான்.

முனைகள் ஆறக் கூடாது

எப்படியாவது மின்வில்லை அணையாமல் மெலிய வைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் டியூப் சீக்கிரம் செத்துவிடும். பழைய டியூப்களின் இரண்டு ஓரங்களிலும் கறுப்பு வளையம் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் அந்தக் கறுப்பில் இருக்கிறது.

முனையிலுள்ள டங்ஸ்டன் சுருள்மீது பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடு பூசியிருக்கும். சூடாக இருக்கும்போது இந்தப் பூச்சு எலெக்ட்ரான்களைத் தாராளமாக வெளியே விடும். விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும்போது மின்வில்லே அந்தச் சுருளைத் தாக்கித் தாக்கி வேண்டிய சூட்டைத் தந்துகொண்டிருக்கும்.

ஓட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அந்தச் சூடு போதாது. முனை ஆறுகிறது. ஆறிய முனை எலெக்ட்ரானை எளிதில் விடாது. அதைப் பிடுங்கி எடுக்க முனைக்கு அருகே வோல்டேஜ் தாறுமாறாகக் கூடுகிறது. அயனிகள் அந்த வேகத்தில் வந்து மோத, பூச்சு பெயர்ந்து தெறித்துக் கண்ணாடியில் கறுப்பாகப் படிகிறது. பூச்சு தீர்ந்தால் டியூப் தீர்ந்தது. ஆண்டுக்கணக்கில் எரிய வேண்டிய டியூப் சீக்கிரமே முடிந்துவிடும்.

எனவே மங்கும் டியூபுக்கு ஒரு விதி உண்டு: மின்வில்லுக்குக் கொடுப்பதைக் குறைக்கக் குறைக்க, முனைகளைச் சூடாக்கத் தனியாகக் கொடுப்பதைக் கூட்ட வேண்டும். எலெக்ட்ரானிக் சோக் வருவதற்கு முன்பு டியூப் லைட்டை மங்க வைத்த இடங்களில், முனைகளுக்கென்று தனிச் சூடேற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தே அதைச் செய்தார்கள். வெளிச்சம் பத்தில் ஒன்றாகும்போது மின் செலவு பத்தில் ஒன்றாகாததற்கும் இந்தச் சூடேற்றும் செலவு ஒரு காரணம்.

மூன்றாம் வழி: வேகத்தைக் கூட்டுவது

வெளிச்சத்தைக் குறைக்க அலையின் வேகத்தைக் கூட்டு என்றால் முதலில் முரணாகத்தான் தோன்றும். ஆனால் சோக்கின் குணத்தை நினைத்தால் புரியும். மாற்றம் வேகமாக நடக்க நடக்கச் சுருளின் எதிர்ப்பு கூடும். அதிர்வெண், அதாவது ஒரு வினாடியில் மின்சாரம் அலையும் எண்ணிக்கை, இரட்டித்தால் எதிர்ப்பும் இரட்டிக்கும்.

எலெக்ட்ரானிக் சோக் இதைத்தான் பயன்படுத்துகிறது. வரும் 50 சுற்று மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு டிரான்சிஸ்டர்களால் வினாடிக்குப் பல்லாயிரம் முறை அலையும் மின்சாரமாக மாற்றுகிறது. இந்த வேகத்தில் கையளவுச் செம்புச் சுருளுக்குப் பதில் விரல்நுனி அளவுச் சுருளே போதும். நாம் எடுத்துக்கொண்ட 36 வாட் டியூப், இந்தச் சோக்கில் அதே வெளிச்சத்தை ஏறத்தாழ 32 வாட்டிலேயே தந்துவிடும். இவ்வளவு வேகத்தில் திசை மாறும்போது அயனிகள் மறுபடி சேர நேரமே கிடைப்பதில்லை. மின்வில் அணைந்து அணைந்து மூள்வதில்லை, தொடர்ந்து நிற்கிறது.

இப்போது நம் டியூபைப் படிப்படியாக மங்க வைப்போம். சுவிட்சைப் போட்டதும் சுற்று மிக உயர்ந்த அதிர்வெண்ணில் தொடங்குகிறது. அந்த வேகத்தில் டியூபின் குறுக்கே மின்வில் மூளும் அளவு வோல்டேஜ் எழாது. முனைச் சுருள்கள் மட்டும் சூடாகின்றன. ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் அவை சிவக்கின்றன. பிறகு அதிர்வெண் இறங்குகிறது. சுருளும் டியூபின் குறுக்கே வைத்த மின்தேக்கியும் ஒத்திசையும் புள்ளியை நெருங்கும்போது வோல்டேஜ் பல நூறாக எழும்பி மின்வில் மூளுகிறது, துடிப்பே இல்லை. முழு வெளிச்சம் தரும் இடத்தில், உதாரணமாக 45 ஆயிரம் சுற்றில், அது நிலைக்கிறது.

அறையில் ஒருவர் குமிழைத் திருப்புகிறார். அதிர்வெண் 60 ஆயிரம், 75 ஆயிரம் என்று ஏறுகிறது. சுருளின் எதிர்ப்பு கூடுகிறது, மின்வில் மெலிகிறது. மெலிந்த வில் கேட்கும் கூடுதல் வோல்டேஜையும், முனைகளுக்குக் கூடுதலாக வேண்டிய சூட்டையும் அதே சுற்று கொடுத்துக்கொண்டே வருகிறது. அதிர்வெண் முழு வெளிச்சத்தில் இருந்ததைப்போல் இரு மடங்காகும்போது டியூப் மங்கிய நிலையில் அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். மூட்டுவது, தாங்குவது, மெலிய வைப்பது மூன்றையும் ஒரே திருகு செய்கிறது.

எல்லாம் முடிந்துவிடவில்லை. குளிர்ந்த அறையில் மிகவும் மங்க வைத்தால் டியூபின் நீளத்தில் இருண்ட வளையங்களும் ஒளிரும் வளையங்களும் மாறி மாறி ஊர்வது தெரியும். அலைமின்சாரத்தோடு துளியளவு நேர்மின்சாரத்தைக் கலந்து அதை அடக்கினார்கள். புது டியூபை முதல் 100 மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரித்த பிறகே மங்க வைக்கச் சொன்னார்கள். அதற்குள் உள்ளே இருக்கும் மாசுகள் ஒதுங்கி வில் சீராகும்.

கண்ணின் கணக்கு வேறு

பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை எட்டிவிட்டோம். அறைக்குள் இருப்பவரைக் கேட்டால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்ததுபோல் இருக்கிறது என்பார். கண்பாவை விரிந்துகொடுக்கிறது, விழித்திரையும் தன் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. மீட்டரில் நான்கில் ஒன்றாகக் குறைந்த ஒளி, கண்ணுக்குப் பாதியாகத்தான் தோன்றும்.

குமிழைச் சமபங்காகப் பிரித்தால் மேல்பாதியில் திருப்பத் திருப்ப எதுவும் மாறாததுபோலும், கடைசியில் ஒரேயடியாக இருள்வதுபோலும் தெரியும். டாலி என்ற சர்வதேச விளக்குக் கட்டுப்பாட்டு முறையில், இரண்டு கம்பிகள் வழியாக 64 விளக்குகளுக்குத் தனித்தனியே கட்டளை போகும். ஒவ்வொன்றுக்கும் 254 படிகள். கண்ணின் இந்தக் குணத்தைக் கருதி, படிக்குப் படி வெளிச்சம் 2.8 சதவீதம் மாறும்படி வகுத்திருக்கிறார்கள். 127ஆம் படியில், பாதி வழியில், உண்மையான வெளிச்சம் 3 சதவீதம்தான். கண்ணின் கணக்கு இயந்திரத்துக்குள் எழுதப்பட்டுவிட்டது.

ஜன்னலோர வெளிச்சம்

இவ்வளவு பாடுபட்டது அழகுக்காக மட்டும் இல்லை. பகலில் ஜன்னலோரம் போதுமான வெயில் இருக்க, தலைக்குமேல் டியூப் முழுதாக எரிவது வீண். அணைத்துப் போட்டால் உள்ளே இருப்பவர் எரிச்சலடைவார். மெல்ல மங்கினால் யாருக்கும் தெரியாது.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காக ரென்சோ பியானோ வடிவமைத்து 2007இல் திறந்த 52 மாடிக் கட்டடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டுவதற்கு முன்பே, தளத்தின் ஒரு மூலையை முழு அளவில் தனியாகக் கட்டி, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் வெயிலையும் திரைச்சீலையையும் மங்கும் டியூப்களையும் அங்கே மாதக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். ஜன்னலருகே உள்ள விளக்குகள் பகலில் தாமாகவே தாழ்ந்து, மேகம் மூடினால் தாமாகவே எழும் ஏற்பாடு அந்தச் சோதனைக்குப் பிறகே கட்டடத்துக்குள் போனது.

எலெக்ட்ரானிக் சோக் இன்னொரு நன்மையும் செய்தது. ஆர்னால்ட் வில்கின்ஸும் சக ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலகத்தில் பழைய சோக்குக்குப் பதில் உயர் அதிர்வெண் சோக்கை மாற்றியபோது ஊழியர்களின் தலைவலியும் கண்சோர்வும் பாதியாகக் குறைந்தன. கண் தனியே உணராத அந்த வினாடிக்கு 100 துடிப்புகளை உடம்பு உணர்ந்திருக்கிறது.

டியூப் போன பிறகு

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், 2023இல் ஜெனீவாவில் கூடி, டியூப் லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவெடுத்தன. அந்த இடத்துக்கு எல்.இ.டி. வந்துவிட்டது. எல்.இ.டி.க்கு மூட்ட வேண்டியதில்லை, முனை ஆறும் கவலை இல்லை. ஓட்டத்தைக் குறைத்தால் சமர்த்தாக மங்கும்.

ஆனால் எல்.இ.டி.யும் மெயின் லைனில் நேராக எரிவதில்லை. அதற்கும் உள்ளே ஓட்டத்தை அளந்து கொடுக்கும் ஒரு சுற்று வேண்டும். பல மலிவு பல்புகளில் அந்தச் சுற்றும் சி.எஃப்.எல்.போலவே ஒரு மின்தேக்கியை நிரப்பிக்கொண்டுதான் வேலை செய்கிறது; பழைய டிம்மரில் போட்டால் அதேபோல் சிமிட்டுகிறது. டியூபை அடக்கிய பொறியாளர்கள் வகுத்த டாலி முறைதான் இன்று எல்.இ.டி. அலுவலகங்களையும் ஆள்கிறது.

அடுத்த முறை டிம்மர் வைத்த அறைக்குப் பல்பு வாங்கும்போது வாட்டையும் விலையையும் மட்டும் பார்க்காதீர்கள். டிம்மரில் போடலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பல்பு கேளுங்கள். எந்த விளக்கையும் மங்க வைக்கலாம். ஆனால் அது எப்படி எரிகிறது என்பதை அறிந்து, அதற்கேற்ற சுற்றை உள்ளே வைத்தவர் இருந்தால்தான் அது மங்கும்.